சொகுசுக் கப்பல் பயணம்: கட்டணம் குறைய என்ன வழி? வாசகர் கேள்வி – பதில்

சொகுசுக் கப்பலில் ஒரு வாரம் போய்வர ஆசைப்பட்டு, கட்டண விவரங்களைப் பார்த்துக் குழம்பிப்போன வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு வருடம் முன்பே புக் செய்தால்தான் மலிவு என்கிறார் என் அண்ணன். புறப்படும் நேரத்தில் மீதியிருக்கும் கேபின்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள், பொறுமையாக இரு என்கிறார் அலுவலக நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் முன்பே புக் செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. லாபம் அதற்குப் பிறகு செய்யும் வேலையில்தான் இருக்கிறது.

நண்பர் சொல்வதிலும் உண்மை உண்டு. காலி கேபினோடு கிளம்புவதைக் கப்பல் கம்பெனிகள் விரும்புவதில்லை. ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே குடிபானம், சுற்றுலா, சூதாட்ட அறை, கடை என்று செலவழிப்பார்கள். அந்த வருமானத்துக்காக டிக்கெட்டை இறக்கியாவது ஆளை ஏற்றப் பார்ப்பார்கள். ஆனால் கடைசியில் மிஞ்சுவது எது என்று பாருங்கள். மூன்று, நான்கு பேர் தங்கும் கேபின்களும், சூட் எனப்படும் பெரிய அறைகளும், கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவாக இருக்கும் பால்கனி கேபின்களும் முதலில் போய்விடும். மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டதுதான் கடைசி வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கும். துறைமுகத்துக்குக் காரில் போய்விடக்கூடிய தூரத்தில் வீடு, எந்த வாரமும் லீவு, விசா தேவையில்லை என்றிருப்பவர்களுக்கு அது சரிப்படும். விமானம் ஏறிப் போக வேண்டியவர்களுக்குக் கேபினில் மிச்சம் பிடித்ததைக் கடைசி நேர விமான டிக்கெட் விழுங்கிவிடும்.

இப்போது அண்ணன் பக்கம். பெரும்பாலான பயணங்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே விற்பனை திறந்துவிடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதத்தை இந்தத் தொழிலில் ‘வேவ் சீசன்’ என்பார்கள். வருடத்தின் மிகப் பெரிய ஆஃபர் காலம் அதுதான். அப்போது முன்பணத்தைக் குறைப்பார்கள், கப்பலில் செலவழிக்க கிரெடிட் தருவார்கள், டிப்ஸைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அடிப்படைக் கட்டணமே விழுந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் காலண்டரில் வட்டமிட வேண்டிய நாள் ஒன்று இருக்கிறது: முழுப் பணத்தையும் கட்டி முடிக்க வேண்டிய கடைசி நாள். கம்பெனியையும் பயணத்தின் நீளத்தையும் பொறுத்து, புறப்பாட்டுக்கு 75 முதல் 120 நாளுக்கு முன் அது வரும். திருப்பித் தரக்கூடிய முன்பணத்தில் புக் செய்திருந்தால், அந்த நாள் வரைக்கும் கேன்சல் செய்தால் முன்பணம் முழுதாகத் திரும்பி வரும். அதுவரை விலை ஏறினால் உங்களுக்குக் கவலையில்லை. இறங்கினால் குறைந்த விலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த நாள் தாண்டிவிட்டால் கேன்சல் செய்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் திரும்பாது.

கேள்வி: புக் செய்து இரண்டு மாதம் ஆகிறது. இன்று பார்த்தால் அதே கேபின் விலை குறைந்திருக்கிறது. வித்தியாசத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? எப்படிக் கேட்பது?

பதில்: முழுப் பணம் கட்டும் நாள் வராத வரை பெரும்பாலும் முடியும். ஆனால் தானாக யாரும் குறைத்துத் தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில் நீங்கள் பார்த்தது அதே விலைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் இன்வாய்ஸில் கேபின் வகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறிய குறியீடு இருக்கும். பால்கனி என்று பொதுவாகப் போட்டிருந்தாலும் அதற்குள்ளேயே பல வகை உண்டு. விளம்பரத்தில் வருவது அவற்றில் மலிவானதாக இருக்கும். ஆகவே கம்பெனியின் தளத்தில் புதிதாக ஒரு புக்கிங் போடுவது போல, அதே தேதி, அதே குறியீடு, அதே எண்ணிக்கையில் ஆட்கள் என்று கொடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். வரி சேர்ந்த மொத்தத் தொகை அங்கேதான் தெரியும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

கேட்கும்போது, இருக்கிற புக்கிங்கிலேயே இன்றைய விலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கேன்சல் செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று நீங்களே இறங்காதீர்கள். கேன்சல் செய்த நொடியில் உங்கள் கேபின் பொது விற்பனைக்குப் போய்விடும். நீங்கள் மறுபடி கார்டு எண்ணைத் தட்டுவதற்குள் வேறொருவர் எடுத்துவிடலாம்.

சரி சொல்வதற்கு முன் இன்னொரு கணக்கு இருக்கிறது. பழைய கட்டணத்தோடு வந்த சலுகைகள் புதிய கட்டணத்தில் உண்டா என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, பழைய மொத்தம் 1,400 டாலர், அதோடு 150 டாலர் கிரெடிட் கொடுத்திருந்தார்கள். புதிய மொத்தம் 1,320 டாலர், கிரெடிட் கிடையாது. பார்வைக்கு 80 டாலர் லாபம், உண்மையில் 70 டாலர் நஷ்டம். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

மாற்றிய பிறகு புது இன்வாய்ஸ் மின்னஞ்சலில் வரும். கேபின் எண், இரவுச் சாப்பாட்டு நேரம், கிரெடிட் தொகை, மீதி கட்ட வேண்டிய தேதி ஆகிய நான்கையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றும்போது இதில் ஏதாவது ஒன்று விட்டுப்போவது நடக்கக்கூடியதுதான். அன்றைக்கே சொன்னால் சரிசெய்வார்கள், மூன்று வாரம் கழித்துச் சொன்னால் இழுபறிதான்.

வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். கடைசிப் பணம் கட்டும் நாளுக்கு முந்தைய பத்து நாள் மட்டும் தினமும் பாருங்கள். இரண்டு மனதாகப் போட்டு வைத்திருந்தவர்கள் அந்தச் சமயத்தில் கேன்சல் செய்வார்கள். கேபின்கள் திரும்ப விற்பனைக்கு வரும்போது விலை அசையும். ஏஜென்ட் மூலம் போட்டவர்கள் கவனிக்க: ஏஜென்ட் வைக்கும் கெடு, கம்பெனியின் கெடுவுக்குச் சில நாள் முன்னதாகவே இருக்கலாம்.

கடைசி நாள் தாண்டியபின் விலை இறங்கினால் பணம் திரும்ப வருவது அரிது. அப்போதும் கேட்டுப் பார்க்கலாம். மேல் வகை கேபினோ, கப்பலில் செலவழிக்கும் கிரெடிட்டோ தருகிற கம்பெனிகள் உண்டு. அது அவர்கள் விருப்பம்தான், உங்கள் உரிமை இல்லை.

திருப்பித் தராத முன்பணத்தில் புக் செய்தவர்களுக்கும் அதே பயணத்தில் விலைக் குறைப்பு பெரும்பாலும் கிடைக்கும். தேதியையோ கப்பலையோ மாற்றினால்தான் அபராதம். ராயல் கரீபியன் போன்ற கம்பெனியில் ஆளுக்கு 100 டாலர். திருப்பித் தராத முன்பணத்தோடு வரும் டிக்கெட் கொஞ்சம் மலிவாகத் தெரிவதன் காரணம் இதுதான். லீவு உறுதியானவர்கள் மட்டும் அதைத் தொடலாம்.

கேள்வி: 7 இரவு 499 டாலர் என்று விளம்பரம். கடைசிப் பக்கத்துக்குப் போனால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வருகிறது. ஏமாற்றா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, விலையைத் துண்டு துண்டாகக் காட்டுகிறார்கள். சேர்த்துப் பார்ப்போம். இவை உதாரணத் தொகைகள்.

கேபினில் இருவர் தங்கினால் ஆளுக்கு ஆகும் கட்டணம்தான் 499. ஆக, கேபினுக்கு 998. அரசு வரியும் துறைமுகக் கட்டணமும் ஆளுக்கு 140 என்றால் 280 சேரும். டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் என்று கப்பல் கணக்கில் தானாக ஏறும்; இருவருக்கு ஏழு நாளைக்கு 224. இதுவரை 1,502 ஆகிவிட்டது. ஒரு போனுக்கு வைஃபை நாளைக்கு 20 என்றால் 140. விமான நிலையத்திலிருந்து துறைமுகம் போய்வர டாக்சி 60. மொத்தம் 1,702. ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு ஏறக்குறைய 122 டாலர். விளம்பரத்தை ஏழால் வகுத்தால் வரும் 71 எங்கே, இது எங்கே!

இப்போது பக்கத்தில் இன்னொரு கப்பலை வையுங்கள். விளம்பரத்தில் 699, டிப்ஸும் வைஃபையும் உள்ளடக்கம். இருவருக்கு 1,398, வரி 280, டாக்சி 60. மொத்தம் 1,738. ஆளுக்கு 200 டாலர் அதிகம் என்று நீங்கள் ஒதுக்கிய இந்தக் கப்பலுக்கும் முதல் கப்பலுக்கும் கேபின் மொத்தத்தில் வித்தியாசம் வெறும் 36 டாலர். அதனால் எந்தக் கப்பலையும் விளம்பர விலையை வைத்து ஒப்பிடவே கூடாது. எல்லாம் சேர்த்து, ஆள் எண்ணிக்கையாலும் இரவு எண்ணிக்கையாலும் வகுத்து, அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரு தகவல்: கலிஃபோர்னியாவில் மறைமுகக் கட்டணத்துக்கு எதிரான சட்டம் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிப் பெரிய கம்பெனிகள் அமெரிக்க விளம்பரங்களில் வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்த்த விலையைக் காட்டத் தொடங்கின. டிப்ஸ் அதிலும் சேராது. வேறு நாட்டுத் தளத்தில் பார்த்த விலையை இதோடு வைத்துப் பார்க்கும்போது, வரி எதில் சேர்ந்திருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘கேரண்டி கேபின்’ என்று ஒன்று மற்றவற்றைவிட மலிவாக இருக்கிறது. அது என்ன? எடுக்கலாமா?

பதில்: கேபினின் வகையை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், எந்த எண் என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். புறப்பாட்டுக்குச் சில வாரம் முன்போ, சில நாள் முன்போதான் எண் தெரியவரும். நீங்கள் கேட்ட வகைக்குக் கீழே தர மாட்டார்கள். எப்போதாவது மேல் வகை கிடைப்பதும் உண்டு. அதை எதிர்பார்த்து எடுக்கக் கூடாது.

யார் எடுக்கக் கூடாது என்று சொல்வது எளிது. கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் எடுக்க வேண்டாம். முன்கோடியிலோ பின்கோடியிலோ கிடைத்தால் ஆட்டம் அதிகம். தூக்கம் லேசானவர்களும் வேண்டாம். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே விழுந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும், நாடக அரங்குக்கு மேலே என்றால் இரவில் தாள ஓசை தரை வழியாக வரும். பக்கத்துக் கேபினோடு இணைக்கும் கதவு இருந்தால் அவர்கள் பேச்சும் வந்து சேரும். இரண்டு கேபின் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் இருக்க நினைக்கும் குடும்பங்களுக்கும் இது சரிவராது. ஜன்னல் இல்லாத உள் கேபினில், தூங்க மட்டும் வருவேன் என்பவர் தாராளமாக எடுக்கலாம்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து, மேலும் கீழும் வெறும் கேபின்களே இருக்கும் தளமாகப் பாருங்கள். வரைபடத்தில் ஒன்றும் குறிக்காமல் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்கள் பெரும்பாலும் ஊழியர்கள் வேலை செய்யும் பகுதிகள். அவற்றை ஒட்டியதைத் தவிருங்கள். உயிர்காப்புப் படகு பார்வையை மறைக்கும் கேபின்கள் கடல் பார்த்த வகையிலேயே குறைந்த விலையில் வரும். வெளிச்சம் வந்தால் போதும், காட்சி வேண்டாம் என்றால் அது நல்ல பேரம்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். பிள்ளைகளுக்கு 9, 13 வயது. ஒரே கேபினா, இரண்டு கேபினா, எது லாபம்? ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்பதை நம்பலாமா?

பதில்: மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு, சில ஆஃபர்களில் அடிப்படைக் கட்டணமே இருக்காது. ஆனால் வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் நான்கு பேருக்கும் உண்டு. இலவசம் என்றால் அடிப்படைக் கட்டணம் மட்டும்தான் இலவசம். பல கம்பெனிகளில் இந்தச் சலுகை வயதைப் பார்ப்பதில்லை, கேபினில் எத்தனையாவது ஆள் என்பதைத்தான் பார்க்கிறது.

நால்வருக்கு ஒரு பால்கனி கேபினையும் இரண்டு உள் கேபின்களையும் பக்கத்தில் வைத்து விலை பாருங்கள். சில பயணங்களில் இரண்டு உள் கேபின் மலிவாக வரும், குளியலறையும் இரண்டு கிடைக்கும். ஒரு உள் கேபினும் அதற்கு எதிரே ஒரு பால்கனி கேபினும் என்று எடுப்பது பலருக்கு நன்றாக அமைகிறது. புக்கிங்கில் ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். யார் எங்கே தூங்குகிறார்கள் என்பது பிறகு உங்கள் பாடு.

குடும்பங்களை முன்கூட்டியே புக் செய்யச் சொல்வதற்கு வெளியே தெரியாத ஒரு காரணம் உண்டு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பிட்ட உயிர்காப்புப் படகுகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் படகு இடம் நிரம்பினால் அந்தப் பகுதியில் நான்கு படுக்கைக் கேபின் காலியாகவே இருந்தாலும் இருவருக்கு மேல் விற்க மாட்டார்கள். தளத்தில் இரண்டு பேர் என்று போட்டால் கேபின் காட்டுகிறது, நான்கு என்றால் இல்லை என்கிறது என்று எழுதியிருந்த வாசகருக்கும் இதுதான் பதில். வேறு பகுதியில் தேடுங்கள், அல்லது இரண்டு கேபினாகப் பிரியுங்கள்.

கேள்வி: தனியாகப் போகிறேன். இரண்டு பேர் கட்டணம் கேட்கிறார்கள்.

பதில்: கேபின் விலையை இருவருக்கு வைத்தே கணக்கிடுவதால், தனியாக வருபவரிடம் இன்னொருவர் பங்கையும் வாங்குகிறார்கள். வரி மட்டும் ஒருவருக்கு. ஒருவருக்கென்றே கட்டிய சிறு கேபின்கள் உள்ள கப்பல்களைத் தேடுங்கள். 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலின் ஸ்டூடியோ கேபின்கள் இதைப் பிரபலமாக்கின. இப்போது வேறு கம்பெனிகளிலும் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் ஒருவர் கேபின் என்பதாலேயே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். சில நாட்களில் சாதாரண உள் கேபினுக்கு இருவர் கட்டணம் முழுவதும் கொடுத்தாலும் அதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: எந்த மாதத்தில், எந்த வழித்தடத்தில் போனால் குறைவு?

பதில்: பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸ், புத்தாண்டும்தான் எங்கும் உச்ச விலை. அதற்கு வெளியே, ஒவ்வொரு கடலுக்கும் ஒரு மலிவுக் காலம் உண்டு; அந்த மலிவுக்கு ஒரு காரணமும் இருக்கும்.

கரீபியனில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை உச்சம். செப்டம்பரில் விலை நன்றாகக் குறையும். கப்பல் புயலுக்குள் போகாது, வழியை மாற்றிவிடும். நீங்கள் பார்க்க நினைத்த தீவு விட்டுப்போகலாம், அதற்கு அந்தத் துறைமுகக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு சரி. ஊர் பார்ப்பது முக்கியம் என்பவர்கள் டிசம்பர் முதல் இரண்டு வாரத்தையோ, புத்தாண்டு முடிந்த ஜனவரி வாரங்களையோ பார்க்கலாம். புயல் காலம் முடிந்திருக்கும், கூட்டமும் இருக்காது.

அலாஸ்கா பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை. மே, செப்டம்பர் இரண்டும் மலிவு. இரண்டில் எதை என்றால் தயங்காமல் மே என்போம். தென்கிழக்கு அலாஸ்காவில் வசந்த காலம் மழை குறைந்த காலம், செப்டம்பர் அடைமழைக் காலம். மத்தியதரைக் கடலில் ஜூலை, ஆகஸ்ட் விலையும் வெயிலும் சேர்ந்து வாட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை குறைவு, ஆனால் பகல் குறுகியது, கடல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

மத்தியதரைக் கடலில் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. எம்எஸ்சி, கோஸ்டா கம்பெனிகளின் கப்பல்களில் ஒரே சுற்றுக்கு பார்சலோனா, மார்செய், ஜெனோவா, ரோமுக்கான சிவிடாவெக்கியா என்று பல துறைமுகங்களில் ஏறலாம். அதே கப்பல், அதே வாரம், அதே ஊர்கள். ஏறும் இடத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறும். நான்கு இடத்துக்கும் தனித்தனியாக விலை பாருங்கள், அந்தந்த ஊருக்கு விமானக் கட்டணத்தையும் கூட்டுங்கள்.

இரவுக் கணக்கில் மிக மலிவானவை இடமாற்றப் பயணங்கள். கரீபியனில் குளிர்காலத்தைக் கழித்த கப்பல்கள் ஏப்ரல், மே மாதங்களில் அட்லாண்டிக் தாண்டி ஐரோப்பா போகும்; அக்டோபர், நவம்பரில் திரும்பும். கப்பல் எப்படியும் போயாக வேண்டும், கரை இறங்காத நாட்கள் அதிகம் என்பதால் கேட்பவர் குறைவு. இரண்டு வாரத்தில் ஆறேழு நாள் தொடர்ந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. அது பிடித்தவர்களுக்குச் சொர்க்கம். முடிந்தால் மேற்கு நோக்கிய பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் நாட்களில் 25 மணி நேரம் கிடைக்கும். கிழக்கு நோக்கிப் போனால் 23 மணி நேர நாட்களாக வந்து தூக்கத்தைத் தின்னும். ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் வேறு வேறு என்பதால், விமான டிக்கெட் விலை பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

புதுக் கப்பலின் முதல் வருடத்தைத் தவிருங்கள், விலை உச்சத்தில் இருக்கும். அதே கம்பெனியின் இருபது வயதுக் கப்பல் அதே தீவுகளுக்குத்தான் போகிறது. குட்டிப் பயணங்களில், வார இறுதியைப் பிடிக்கும் 3 இரவைவிட திங்கள் முதல் வெள்ளி வரையிலான 4 இரவு, இரவுக் கணக்கில் பெரும்பாலும் மலிவு.

கேள்வி: நேரடியாக கம்பெனியிலேயே போடலாமா, ஏஜென்ட் மூலமா?

பதில்: அடிப்படைக் கட்டணம் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஏஜென்டுக்குக் கமிஷனைக் கம்பெனி தருகிறது. சுமார் 10 முதல் 16 சதவீதம், அதுவும் வரியும் துறைமுகக் கட்டணமும் நீங்கிய தொகைக்கு. விலையைக் குறைத்து விளம்பரம் செய்யப் பல கம்பெனிகள் ஏஜென்டுகளை விடுவதில்லை. அதனால் நல்ல ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பங்கை கிரெடிட்டாகவோ, டிப்ஸை முன்கூட்டியே கட்டியோ தருவார். இரண்டு மூன்று பேரிடம் ஒரே கப்பல், ஒரே தேதி, ஒரே கேபின் குறியீடு கொடுத்து, என்ன சேர்த்துத் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ‘குரூப் ரேட்’ இருக்கிறதா என்றும் கேளுங்கள். சிலர் ஆரம்ப விலையில் சில கேபின்களை மொத்தமாகப் பிடித்து வைத்திருப்பார்கள். பொது விலை ஏறிய பிறகும் அவை பழைய விலையில் கிடைக்கும், நீங்கள் எந்தக் குழுவிலும் சேர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் மூலம் போட்டால் விலைக் குறைப்புக்கும் மாற்றத்துக்கும் அவரைத்தான் கேட்க வேண்டும், கம்பெனி உங்களோடு பேசாது. போன் எடுக்காத ஏஜென்ட் தரும் 50 டாலர் கிரெடிட் உங்களுக்குப் பிரயோஜனப்படாது. கேன்சலுக்கும் மாற்றத்துக்கும் அவர் தனியாகக் கட்டணம் பிடிப்பாரா என்பதை முன்பணத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். கிரெடிட் கிடைத்தால், மிஞ்சியது பணமாகத் திரும்புமா என்றும் கேளுங்கள். திரும்பாத கிரெடிட்டைக் கடைசி இரவுக்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும்.

கேள்வி: ‘குடிபானப் பேக்கேஜ் இலவசம்’ என்ற கட்டணம் கொஞ்சம் அதிகம். எடுப்பது லாபமா?

பதில்: கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். பேக்கேஜ் நாளைக்கு 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம், மேலே 18 சதவீதச் சேவைக் கட்டணம். ஆக 82.60. ஒரு காக்டெயில் 14 டாலர், அதற்கும் 18 சதவீதம் சேர்த்தால் 16.52. ஐந்து குடித்தால்தான் சமம், அதுவும் நாள் தவறாமல், ஊர் சுற்றப் போகும் நாளிலும். பல கம்பெனிகளில் ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் எடுத்தாக வேண்டும். ஒருவர் குடிக்காதவர் என்றால் கணக்கு அங்கேயே முறிந்துவிடும். ‘இலவசம்’ என்று வரும் பேக்கேஜிலும் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்கும் கம்பெனிகள் உண்டு. குடிக்காதவர்கள் பேக்கேஜ் சேராத அடிப்படைக் கட்டணம் இருக்கிறதா என்று தேடுங்கள். தண்ணீர், காபி, டீ சாதாரணச் சாப்பாட்டு அறையில் எப்படியும் கட்டணத்துக்குள் வந்துவிடும்.

வேண்டும் என்று முடிவு செய்தால் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் வாங்குங்கள். கப்பலில் விலை கூடுதல். முன்பே வாங்கியதைப் பெரும்பாலும் கேன்சல் செய்யலாம் என்பதால், விலை இறங்கும்போது கேன்சல் செய்து மறுபடி வாங்குவது இங்கே சரியான வழி. கேபினைப் போல இது தீர்ந்துபோகாது. வைஃபைக்கும் இதே முறைதான்.

கேள்வி: மேல் வகை கேபினுக்கு ஏலம் கேட்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. எவ்வளவு போடலாம்?

பதில்: நீங்கள் போடும் தொகை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு. 150 என்று போட்டால் கார்டிலிருந்து 300 போகும். முதலில் அந்த மேல் வகையின் இன்றைய விற்பனை விலையைப் பாருங்கள். உங்கள் விலையும் ஏலத் தொகையும் சேர்ந்து அதைத் தொட்டுவிட்டால் ஏலம் வீண், இன்றே விலை கொடுத்து மாறிக்கொள்ளலாம். உங்கள் தொகையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால் நீங்கள் மறுக்க முடியாது, பணமும் திரும்பாது. எண்ணைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, கேரண்டி கேபினுக்குச் சொன்ன ஆபத்து இதிலும் உண்டு. நல்ல இடத்தில் நடுக்கப்பல் கேபின் வைத்திருப்பவர் ஏலத்தில் இறங்க வேண்டாம்.

கேள்வி: ஒரே கப்பலில் அடுத்தடுத்த இரண்டு மலிவுப் பயணங்களைச் சேர்த்துப் போடலாமா?

பதில்: போடலாம், பலர் செய்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கேபின் எண் கிடைக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே 1886-ஆம் ஆண்டின் பயணிக் கப்பல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியுள்ள, அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட வேண்டுமானால், இடையில் தொலைதூர அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கனடாவின் வான்கூவர் ஒரு பயணம், அதே கப்பலில் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் சூவர்டு அடுத்த பயணம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாக இரண்டும் சட்டப்படி சரி. சேர்த்துப் போனால் லாஸ் ஏஞ்சலஸில் ஏறி சூவர்டில் இறங்கியதாகக் கணக்காகிவிடும், அது தவறு. கனடா தொலைதூர நாட்டுக் கணக்கில் வராது. தளம் தனித்தனி புக்கிங்காக ஏற்றுக்கொண்டு பணத்தையும் வாங்கிவிடலாம், பிறகு ஒன்றை ரத்து செய்யச் சொல்லி அறிவிப்பு வரும். புக் செய்யும்போதே இரண்டையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: காலையில் விமானம் இறங்கி அன்று மதியமே கப்பல் ஏறினால் ஒரு இரவு ஹோட்டல் செலவு மிச்சமாகுமே?

பதில்: வேண்டாம். ஏறும் வாசலைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். தனியாக விமான டிக்கெட் எடுத்தவருக்காகக் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்பது எல்லா வழித்தடத்திலும் நடக்காது. மேலே சொன்ன 1886 சட்டமும், அந்த நாட்டு விசாவும் குறுக்கே வரும். விசா பற்றி இன்னொன்று: ஐரோப்பியப் பயணத்தில் கப்பல் நடுவில் துருக்கியோ துனிசியாவோ போய்த் திரும்பினால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் ஒருமுறை நுழையும் வகை போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். நீங்கள் அங்கே இறங்க மாட்டேன் என்றாலும் ஆவணம் சரியில்லை என்று முதல் துறைமுகத்திலேயே நிறுத்திவிடலாம். ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். அந்த ஹோட்டல் செலவையும் ஆரம்பத்தில் சொன்ன மொத்தக் கணக்கில் போட்டு, பிறகு எந்தக் கப்பல் என்று முடிவு செய்யுங்கள்.